ரோஸ் நிறத்தில் ஒரு பொட்டலம்: 2024 பஞ்சுமிட்டாய்த் தடை பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

2024 பிப்ரவரி தொடக்கத்தில் புதுச்சேரி கடற்கரையில் பஞ்சுமிட்டாய் விற்றுக்கொண்டிருந்தவர்களை உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் நிறுத்தினார்கள். நீளக் கழியில் வரிசையாகக் கட்டித் தொங்கும் அந்த ரோஸ் நிறப் பைகளைக் கடற்கரைக்குப் போன எல்லோரும் பார்த்திருப்போம். அவற்றைப் பறிமுதல் செய்து ஆய்வுக்கு அனுப்பியபோது, நிறம் வந்தது ரோடமின் பி என்ற சாயத்திலிருந்து என்று தெரிந்தது. துணிக்கும் காகிதத்துக்கும் தோல் பொருள்களுக்கும் போடுகிற சாயம் அது. அப்போது புதுச்சேரியின் துணைநிலை ஆளுநர் பொறுப்பில் இருந்த தமிழிசை சௌந்தரராஜன் காணொளி ஒன்றில் பஞ்சுமிட்டாய் விற்பனைக்குத் தடை என்று அறிவித்தார். பிள்ளைகளுக்கு வாங்கித் தர வேண்டாம் என்றார். உணவுப் பாதுகாப்புத் துறையிடம் தரச் சான்று வாங்கியவர்கள் மட்டும் விற்கலாம் என்பது ஏற்பாடு.

செய்தி தமிழ்நாட்டுக்கு வர நாளாகவில்லை. மெரினா உள்ளிட்ட இடங்களில் மாதிரிகள் எடுத்தார்கள். அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடத்தில் அவற்றிலும் ரோடமின் பி இருப்பது உறுதியானது. பிப்ரவரி 17 அன்று மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன், தமிழ்நாடு முழுவதும் பஞ்சுமிட்டாய் தயாரிக்கவும் விற்கவும் தடை என்று அறிவித்தார். ரோடமின் பி கலந்த உணவைத் தயாரிப்பது, பொட்டலமிடுவது, இறக்குமதி செய்வது, விற்பது மட்டுமல்லாமல், திருமணங்களிலும் பொது நிகழ்ச்சிகளிலும் பரிமாறுவதும் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம் என்று அந்த அறிவிப்பு சொன்னது.

அடுத்த மாதமே கர்நாடகமும் இதில் இறங்கியது. மார்ச் 11 அன்று அந்த மாநிலச் சுகாதார அமைச்சர் தினேஷ் குண்டு ராவ் வெளியிட்ட எண்கள் இவை: கோபி மஞ்சூரியனில் 171 மாதிரிகள் எடுத்ததில் 107-ல் பாதுகாப்பற்ற செயற்கை நிறங்கள், பஞ்சுமிட்டாயில் 25 எடுத்ததில் 15-ல். ஜூன் மாதம் கபாப் வகைகளுக்கும் செயற்கை நிறம் கூடாது என்றார்கள்; 39 மாதிரிகளில் 8 தேறவில்லை. கபாபில் கிடைத்தவை சன்செட் எல்லோ, கார்மாய்சின் என்ற நிறங்கள். இந்தப் பெயர்களுக்குப் பின்னால் வருகிறேன். ஏனென்றால் அவை இரண்டும் இந்தியாவில் அனுமதிக்கப்பட்ட உணவு நிறங்கள்.

அந்த வாரங்களில் பேச்செல்லாம் ஒரே இடத்தைச் சுற்றித்தான் இருந்தது: "பஞ்சுமிட்டாய் சாப்பிட்டால் புற்றுநோய் வரும்." என் மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. பள்ளியில் யாரோ சொல்லக் கேட்டு வந்து, போன வருடத் திருவிழாவில் இரண்டு பை சாப்பிட்டேனே, எனக்கு வருமா என்று இரவில் கேட்டாள். வராது என்று சொல்லித் தூங்க வைத்தேன். அப்புறம் நான் சொன்னது சரிதானா என்று எனக்கே தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். இந்த ஆய்வு அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கியது.

அந்தச் சாயம் என்ன

ரோடமின் பி 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியில் உருவான செயற்கைச் சாயம். சாந்தீன் என்ற வேதிக் குடும்பத்தைச் சேர்ந்தது. பட்டு, கம்பளி, காகிதம் எல்லாவற்றிலும் நன்றாக ஒட்டும். தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று ஆற்றிலும் நிலத்தடியிலும் தடம் பார்க்கவும் இதைக் கரைத்து விட்டிருக்கிறார்கள். மிகச் சிறிய அளவு இருந்தாலும் கருவி கண்டுபிடித்துவிடும், அவ்வளவு ஒளிர்வு.

அந்த ஒளிர்வில்தான் விஷயம் இருக்கிறது. சாதாரண நிறம் ஒன்று தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஒரு பகுதியை விழுங்கிவிட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்பும். ரோடமின் பி பச்சை ஒளியை விழுங்கி, அதையே ஆரஞ்சும் சிவப்புமாக மாற்றி வெளியே விடுகிறது. அதனால் அந்த ரோஸ், வெளிச்சத்தில் உள்ளிருந்து எரிவதுபோலத் தெரியும். சந்தையில் சில மிட்டாய்களைப் பார்த்ததும் "இந்தக் கலர் கண்ணைப் பறிக்குதே" என்று தோன்றுமே, அதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். அனுமதிக்கப்பட்ட சிவப்புகளைப் போட்டு இந்த மினுக்கத்தைக் கொண்டுவருவது கடினம். கூடவே விலை மலிவு; ஒரு சிட்டிகை போட்டால் மூட்டைச் சர்க்கரைக்கு நிறம் ஏறிவிடும்.

இந்தியாவில் மட்டும் நடப்பதில்லை இது. இந்தோனேசியாவில் உணவில் கலக்கப்படும் ஆபத்தான பொருள்கள் என்று அந்நாட்டு உணவு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு திரும்பத் திரும்ப எச்சரிக்கும் நான்கில் ஒன்று ரோடமின் பி. மற்ற மூன்று பார்மலின், போராக்ஸ், மெத்தனில் மஞ்சள். அங்கே இறால் விழுதிலும் அப்பள வகைகளிலும் இந்தச் சாயம் பிடிபட்டிருக்கிறது. மெத்தனில் மஞ்சளை நம் ஊர்ப் பெரியவர்கள் மஞ்சள்தூள் கலப்படம் என்ற பேச்சில் கேட்டிருப்பார்கள்.

புற்றுநோய் என்ற சொல்

மகள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். இதில் மூன்று வெவ்வேறு அமைப்புகள் மூன்று விதமாகச் சொல்லியிருக்கின்றன.

உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை ரோடமின் பி-யை மூன்றாம் தொகுதியில் வைத்திருக்கிறது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குமா என்று வகைப்படுத்தப் போதிய சான்று இல்லை என்பது அந்தத் தொகுதியின் பொருள். இதை எடுத்துக்கொண்டு "உலக சுகாதார நிறுவனமே ஆபத்தில்லை என்கிறது" என்று சிலர் எழுதினார்கள். அது தவறு. சான்று போதாது என்பதும், பாதுகாப்பானது என்று நிறுவப்பட்டது என்பதும் வேறு வேறு.

இரண்டாவது ஐரோப்பா. 2005-ல் பிரிட்டனில் சூடான் 1 என்ற தொழிற்சாலைச் சாயம் கலந்த மிளகாய்த்தூள் ஒரு சாஸ் வழியாக நூற்றுக்கணக்கான உணவுப் பொருள்களுக்குள் போய், அவற்றையெல்லாம் கடைகளிலிருந்து திரும்பப் பெற வேண்டியிருந்தது. அதைத் தொடர்ந்து ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், உணவில் சட்டவிரோதமாகப் பிடிபடும் சாயங்கள் பலவற்றைப் பரிசீலித்தது. அந்த ஆண்டே அது தந்த கருத்தில் ரோடமின் பி மரபணுவைச் சேதப்படுத்தவும் புற்றுநோய் உண்டாக்கவும் கூடியதாக இருக்கலாம் என்று கருதப்பட்டது.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பயன்பட்டது. அமெரிக்காவில் இதே சாயம் 'சிவப்பு 19' என்ற பெயரில் ஒப்பனைப் பொருள்களில் இருந்தது. விலங்குச் சோதனைகளில் அது புற்றுநோயை உண்டாக்கியது என்பதை அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகமே ஏற்றுக்கொண்டது. ஆனால் மேல்பூச்சாகப் பயன்படுத்துவதில் மனிதருக்கு வரும் ஆபத்து, மோசமாகக் கணக்கிட்டாலும் 90 லட்சத்தில் ஒன்று என்று ஒரு கணக்குப் போட்டு, இவ்வளவு சின்ன ஆபத்தைப் பொருட்படுத்த வேண்டாம் என்று 1986-ல் அனுமதி கொடுத்தது. பப்ளிக் சிட்டிசன் என்ற நுகர்வோர் அமைப்பு வழக்குப் போட்டது. 1987 அக்டோபரில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த அனுமதியைத் தவறு என்றது. விலங்கிலோ மனிதரிலோ புற்றுநோய் உண்டாக்கும் நிறத்தை அனுமதிக்கக் கூடாது என்று 1960-ஆம் ஆண்டு நிறச் சேர்க்கைச் சட்டம் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது. சின்ன ஆபத்து, பெரிய ஆபத்து என்று நிர்வாகம் தானாக ஒரு விலக்கு உண்டாக்க முடியாது என்பது தீர்ப்பு. 1988-ல் அந்தச் சாயம் பட்டியலிலிருந்து போனது.

இதை யோசித்துப் பாருங்கள். தோலில் பூசுவதற்கே வேண்டாம் என்று 1988-ல் ஒரு நாடு தள்ளிய சாயத்தை, 2024-ல் நம் பிள்ளைகள் கடற்கரையில் நாக்கில் கரைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் இதிலிருந்து "இரண்டு பை தின்றால் புற்றுநோய்" என்பது வராது. விலங்குச் சோதனைகளில் பல மாதங்கள் தொடர்ந்து, எடைக்கு மிக அதிகமாகக் கொடுத்துப் பார்க்கிறார்கள். மனிதர்களைப் பற்றிக் கையிலிருக்கும் தகவல் மிகக் கொஞ்சம். 1987-ல் வெளியான ஒரு மருத்துவக் குறிப்பில், மூடிய கட்டடத்தில் காற்றில் கலந்த ரோடமின் பி-க்கு ஆளான 17 பேரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். கண் எரிச்சல் போன்ற தொல்லைகள் ஒரு நாளுக்குள் சரியாகிவிட்டன. வருடக்கணக்கில் உணவோடு தின்றவர்களைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு என் கண்ணில் பட்டதில்லை.

நான் கடைசியில் பிடித்துக்கொண்டது வேறொரு எண்ணை, இன்னும் சரியாகச் சொன்னால், ஓர் எண் இல்லாததை. அனுமதிக்கப்பட்ட ஒவ்வொரு உணவு நிறத்துக்கும், வாழ்நாள் முழுக்கத் தினமும் உட்கொண்டாலும் தீங்கில்லை என்று கருதப்படும் ஓர் உச்ச அளவு உண்டு. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று அதைச் சொல்வார்கள். விலங்குகளில் எந்தத் தீங்கும் தெரியாத அளவை எடுத்து, அதைப் பொதுவாக நூறால் வகுத்து அதை வைக்கிறார்கள். ரோடமின் பி-க்கு அப்படி ஓர் அளவே கிடையாது. அதைச் சாப்பிடுவதற்கென்று யாரும் முன்வைக்கவுமில்லை, அப்படி அங்கீகரிக்கப்படவுமில்லை. ஆகவே "கொஞ்சமாகப் போட்டால் பரவாயில்லை" என்று சொல்லும் வியாபாரிக்கும், "ஒரு வாய் தின்றாலே போச்சு" என்று பயமுறுத்தும் செய்திக்கும் நிற்கத் தரையில்லை. மகளிடம் மறுநாள் சொன்னேன்: இரண்டு பைக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் அது சாப்பிடுகிற பொருளே இல்லை, அதனால் இனி வேண்டாம்.

யார் போட்டார்கள், எங்கிருந்து வந்தது

பிடிபட்டவர்கள் கழியைத் தோளில் சுமந்து நடக்கிற ஆட்கள். புதுச்சேரியில் விற்றவர்களில் பலர் வட மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள். சர்க்கரை, ஓர் இயந்திரம், ஒரு பொட்டலம் கலர் பொடி, பிளாஸ்டிக் பை இவ்வளவுதான் தொழில். அந்தப் பொடியின் வேதிப்பெயர் அவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

தடை வந்த சில வாரங்களில் எங்கள் ஊர்ச் சந்தையில் ஒரு கடைக்குப் போய், "ரோஸ் கலர் பொடி இருக்கா அண்ணே?" என்று கேட்டேன். கோலப்பொடி, ஊதுவத்தி, தாளில் பூச்செய்யும் சாமான்கள் விற்கும் கடை. அவர் ஒரு தகர டப்பாவைத் திறந்து, சின்னக் கரண்டியால் அள்ளித் தாளில் மடித்துக் கொடுத்தார். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டால் நான் கோலத்துக்கு என்று சொல்லியிருக்கலாம், மிட்டாய்க்கு என்றும் சொல்லியிருக்கலாம். அந்தத் தாளில் பொருளின் பெயர் இல்லை, தயாரித்தவர் பெயர் இல்லை, "உணவுக்கு அல்ல" என்ற ஒரு வரியும் இல்லை. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் விற்பது சாயம், சாயம் விற்பது குற்றமில்லை. ஆனால் அந்த டப்பாவிலிருந்து மிட்டாய் இயந்திரம் வரைக்கும் எந்த இடத்திலும் எழுத்தே இல்லை. 2024 நிகழ்வில் என்னை உறுத்துவது இதுதான். கழியைப் பறிமுதல் செய்தார்கள், டப்பாவுக்கு யாரும் போனதாகத் தெரியவில்லை.

தடையின் வடிவத்திலும் இந்தக் கோளாறு தெரிகிறது. குற்றம் சாயத்தில். தடை விழுந்தது மிட்டாயின் மேல். நிறமே போடாத வெள்ளைப் பஞ்சுமிட்டாயில் இருப்பது சர்க்கரை மட்டும்தான். 1904-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் இது முதன்முதலாகப் பெருங்கூட்டத்துக்கு விற்றபோது 68,655 பெட்டிகள் போனதாகக் கணக்கு இருக்கிறது. உருகிய சர்க்கரையை இழையாகச் சுழற்றி எடுக்கும் வித்தைக்காகவே மக்கள் வாங்கினார்கள். பல் சொத்தைக்கு அது காரணமாகலாம், அது வேறு பேச்சு.

இந்த இடத்தில் புதுச்சேரி செய்தது எனக்குக் கொஞ்சம் மேலாகப் படுகிறது. சான்று வாங்கினால் விற்கலாம் என்று ஒரு வாசலைத் திறந்து வைத்தார்கள். தெருவில் நடக்கிறவருக்கு அந்த வாசல் எவ்வளவு தூரம் என்பது வேறு கேள்வி. அவர் மொழியில், அவர் தங்கியிருக்கும் இடத்துக்கே போய் அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது, ஆய்வுக்கூடம் எப்படிப் பார்க்கிறது

"ஏழு ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை, 10 லட்சம் அபராதம்" என்று கர்நாடக அறிவிப்பின்போது செய்திகள் வந்தன. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 59-ஆம் பிரிவில் அந்தத் தண்டனை இருப்பது உண்மை. ஆனால் பாதுகாப்பற்ற உணவால் உயிரிழப்பு நேர்ந்தால்தான் அது. யாருக்கும் உடனடிக் கேடு தெரியாத வழக்கில் சிறை மாதக்கணக்கில்தான். ரோடமின் பி-யால் அன்றே யாரும் விழுந்துவிடுவதில்லை என்பதால் இந்த மாதிரி வழக்குகள் பெரும்பாலும் கீழ்ப்படியிலேயே நிற்கும். பெரிய தண்டனையை மேடையில் சொல்வதைவிடச் சின்னத் தண்டனை தவறாமல் கிடைப்பது நல்லது என்பது என் எண்ணம்.

இன்னொரு விவரம் பலருக்குத் தெரியாது. நிறம் அனுமதிக்கப்பட்டதாக இருந்தாலும், எல்லா உணவிலும் போட முடியாது. ஐஸ்கிரீம், பிஸ்கட், கேக், இனிப்புகள், மிட்டாய் என்று பட்டியல் இருக்கிறது. நூலாக இழுத்த மிட்டாய் என்று பொருள்படும் பெயரும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆகப் பஞ்சுமிட்டாயில் சரியான நிறத்தை, சரியான அளவில் போட்டிருந்தால் சட்டப்படி குற்றமே இல்லை. மறுபக்கம், தெருவோரச் சிக்கன் 65, பஜ்ஜி, கோபி மஞ்சூரியன், கபாப் எதற்கும் செயற்கை நிறத்துக்கு இடமில்லை, அது எந்த நிறமாக இருந்தாலும் சரி. கர்நாடகத்தில் கபாப் சிக்கியது இதனால்தான். சிவக்கச் சிவக்க இருந்தால்தான் சிக்கன் 65 என்று நாம் பழகிவிட்டோம். காஷ்மீர் மிளகாய் போட்டுச் சிவந்த துண்டும் கலர் பொடியில் சிவந்த துண்டும் தட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் பொடி போட்டதைத்தான் நம் கை முதலில் எடுக்கும்.

கண்ணால் பார்த்து இது ரோடமின், இது உணவு நிறம் என்று சொல்ல முடியாது. ஆய்வுக்கூடத்தில் பழைய, ஆனால் அழகான முறை ஒன்று இருக்கிறது. மாதிரியைத் தண்ணீரில் கரைத்து, லேசாக அமிலம் சேர்த்து, வெள்ளைக் கம்பளி நூலை அதில் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறங்கள் எல்லாமே அமிலச் சாயங்கள். அவை நூலில் ஏறும். ரோடமின் பி காரச் சாயம். அதைப் பிடிக்க அம்மோனியா சேர்த்த கரைசலில் நூலைப் போட வேண்டும். நூலில் ஏறியதைக் கழற்றி எடுத்து, தாளில் அல்லது மெல்லிய படலத்தில் ஓடவிட்டு, பெயர் தெரிந்த சாயத்தோடு ஒப்பிடுகிறார்கள். காரக் கரைசலில் நிறம் ஏறினாலே, அனுமதிப் பட்டியலில் இல்லாத ஒன்று உள்ளே இருக்கிறது என்று சந்தேகம் வந்துவிடும்.

வீட்டுச் சோதனை என்று சுற்றும் காணொளிகளைப் பற்றி ஒரு வார்த்தை. கேழ்வரகில் ரோடமின் பி பூசியிருக்கிறதா என்று பார்க்க, தண்ணீரில் அல்லது எண்ணெயில் நனைத்த பஞ்சால் தேய்த்துப் பார்க்கலாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே காட்டியிருக்கிறது. கேழ்வரகுக்கு அது பொருந்தும். தானியத்தில் மேலே எந்தச் சாயமும் இருக்கக் கூடாது அல்லவா? மிட்டாய்க்குப் பொருந்தாது. நல்ல நிறமும் கெட்ட நிறமும் பஞ்சில் ஒரே மாதிரிதான் ஒட்டும். 2025 கோடையில் தர்ப்பூசணிக்கு நடந்தது இதனால்தான் எனக்கு மறக்கவில்லை. பழத்தில் நிறம் ஏற்றுகிறார்கள் என்று செய்தி பரவியது, மெல்லிய தாளால் தேய்த்துப் பார்க்கச் சொன்னார்கள். ஜனங்கள் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். விளைந்த பழம் வயலிலேயே கிடந்தது. விவசாயிகள் கண்ணீர் விட்ட பிறகு, பழங்களில் கலப்படம் இல்லை என்று அதிகாரிகள் விளக்கம் சொல்ல வேண்டிவந்தது. பஞ்சுமிட்டாயில் ஆய்வறிக்கை முதலில் வந்தது, தடை பிறகு வந்தது. தர்ப்பூசணியில் பயம் முதலில் வந்துவிட்டது. இரண்டையும் ஒரே மாதிரி விழிப்புணர்வு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அனுமதி பெற்ற நிறங்கள் மட்டும் சரியா

இதைக் கேட்காமல் விட்டால் ஆய்வு பாதியில் நிற்கும். இந்திய விதிமுறைகளின் பழைய பட்டியலில் எட்டுச் செயற்கை நிறங்கள் இருக்கின்றன: போன்சோ 4ஆர், கார்மாய்சின், எரித்ரோசின், டார்ட்ரசின், சன்செட் எல்லோ, இண்டிகோ கார்மைன், பிரில்லியண்ட் ப்ளூ, பாஸ்ட் கிரீன். பொதுவான உச்ச வரம்பு, சாப்பிடும் நிலையில் உள்ள உணவில் ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராம்.

2007-ல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூன்று வயதுப் பிள்ளைகள் 153 பேருக்கும், எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகள் 144 பேருக்கும் சில நிறங்களும் சோடியம் பென்சோயேட் என்ற பதப்படுத்தியும் கலந்த பானத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். எந்த நாளில் எந்தப் பானம் என்று பிள்ளைகளுக்கும் தெரியாது, கவனித்தவர்களுக்கும் தெரியாது. கலவை குடித்த நாட்களில் துறுதுறுப்பும் கவனச் சிதறலும் சராசரியாகக் கொஞ்சம் கூடின. எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரே மாதிரி இல்லை. ஐரோப்பிய ஆணையம் இதைப் பரிசீலித்து, சான்று வரம்புக்குட்பட்டது, விளைவு சிறியது என்றது. ஆனாலும் 2010 ஜூலை முதல் ஐரோப்பாவில், அந்த ஆய்வில் வந்த ஆறு நிறங்களில் எதைப் போட்டாலும், குழந்தைகளின் செயல்பாட்டிலும் கவனத்திலும் பாதகமான விளைவை ஏற்படுத்தக்கூடும் என்று உறையில் எழுத வேண்டும். அந்த ஆறில் நான்கு நம் பட்டியலில் இருக்கின்றன: டார்ட்ரசின், சன்செட் எல்லோ, கார்மாய்சின், போன்சோ 4ஆர். நம் ஊர் உறைகளில் அந்த எச்சரிக்கையை நான் பார்த்ததில்லை. அங்கே உற்பத்தியாளர்கள் பலர் அந்த வரியை எழுத மனமில்லாமல் நிறத்தையே மாற்றிக்கொண்டார்கள். யாருடைய சிறை தண்டனையும் செய்யாததை ஒரு வரி எழுத்து செய்தது.

எரித்ரோசின் கதை இன்னும் நீளம். அதுவும் ரோடமின் பி போலச் சாந்தீன் குடும்பம்தான். அமெரிக்கா 1907-ல் உணவுக்கு ஏழு சாயங்களை முதன்முதலாக அங்கீகரித்தபோது அதில் ஒன்று எரித்ரோசின். எலிகளில் தைராய்டுக் கட்டிகள் வந்ததால் 1990-ல் ஒப்பனைப் பொருள்களில் தடை செய்தார்கள். உணவில் மட்டும் விட்டுவைத்தார்கள். 2025 ஜனவரி 15 அன்றுதான் உணவிலும் அனுமதியை ரத்து செய்தார்கள், நிறுவனங்களுக்கு 2027 ஜனவரி வரை அவகாசம். எலியில் நடக்கும் அந்த வழிமுறை மனிதரில் நடப்பதில்லை என்று நிர்வாகம் கூடவே சொன்னது. ஆனால் முன்னே சொன்ன அதே 1960-ஆம் ஆண்டுச் சட்டம் விலக்குக்கு இடம் கொடுக்கவில்லை. 1907-ஆம் ஆண்டுப் பட்டியலில் இருந்த ஆரஞ்சு 1 என்ற நிறத்துக்கு வேறு முடிவு. 1950-ல் ஹாலோவீன் மிட்டாய் தின்ற பிள்ளைகள் நோயுற்ற பிறகு அது போனது. அமரந்த் என்ற சிவப்பு 1976-ல் போனது.

அளவு பற்றியும் ஒரு சின்னக் கணக்கு. எரித்ரோசினுக்கு ஏற்கப்பட்ட தினசரி அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். 15 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அது 1.5 மில்லிகிராம். கிலோவுக்கு 50 மில்லிகிராம் வீதம் நிறம் போட்ட மிட்டாயில் 30 கிராம் தின்றால் அந்த அளவு முடிந்துவிடும். திருவிழா நாளில் ஒரு பிள்ளை என்னென்ன நிறத்தில் எவ்வளவு சாப்பிடுகிறது என்று நினைத்துப் பாருங்கள். ஒரு நாள் தாண்டினால் கேடு என்று இதற்குப் பொருளில்லை. வாழ்நாள் கணக்கு அது. ஆனால் பிறந்தநாள் கேக், கல்யாண வீட்டு ஜிலேபி, கடைக் கேசரி, ஜெல்லி மிட்டாய் என்று நாள் தவறாமல் வருகிற வீடுகள் இருக்கின்றன. உடல் சின்னது என்பதால் வரம்பும் சின்னது. தட்டில் விழும் பங்கு மட்டும் பெரியவர்களுக்குச் சமம்.

எங்கள் வீட்டில் கேசரிப் பவுடரை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது. முதல் தடவை வெள்ளையாகக் கேசரி கிண்டியபோது அம்மா, "இது ரவை உப்புமாவுக்குச் சர்க்கரை போட்ட மாதிரி இருக்கு" என்றார். இப்போது குங்குமப்பூ இரண்டு இழை, இல்லாவிட்டால் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள். பழகிவிட்டது.

இந்த ஆண்டு மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் பஞ்சுமிட்டாய் வண்டி வந்திருந்தது. பாதி வெள்ளை, பாதி வெளிறிய ரோஸ். கலர் டப்பாவைக் காட்டுங்கள் என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டுப் பெட்டிக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மூடி போட்ட சின்ன டப்பா, உணவு நிறம் என்ற எழுத்து, நிறத்தின் பெயர், பதினான்கு இலக்க உரிம எண். முன்னாடி தாள் பொட்டலத்தில் வாங்கிக்கொண்டிருந்ததாகவும், இது நாலு மடங்கு விலை என்றும் சொன்னார்.

"வெள்ளை போகுதா அண்ணே?"

"போகுது சார், பெரியவங்க கேட்டு வாங்குறாங்க. பிள்ளைங்கதான் ரோஸைக் காட்டி அழுவுது."

மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். வெள்ளையில் ஒன்று வாங்கிக்கொண்டோம்.